முந்திரிகைத் தோட்டத்தில் ஓர் இரவு

அத்தியாயம் 17

போன வாரம் தவமலரைக் காரின் பின் இருக்கையில், டார்ட்ஃபோர்ட் பாலத்து நெரிசலில் விட்டுவிட்டு வந்தோம். பாவம், ஒரு வாரமாக அங்கேயே உட்கார்ந்திருக்கிறாள். முதலில் அவளைப் பாலம் தாண்ட வைப்போம்.

இந்த வாரம்தான் நம்மோடு சேர்ந்தவர்களுக்கு நாலு வரி. இல்ஃபோர்டில் குடியிருக்கும் தவமலர், குகதாசன் தம்பதிக்கு ஒரே மகள் கௌசி. மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருக்கிறாள். அவள் விரும்பிய பையன் ஞானவேல், பண்ருட்டிக்காரன், கணினி வேலைக்காக லண்டன் வந்தவன். பையனின் அம்மா அஞ்சலாட்சி பெண் பார்ப்பதற்காகவே விமானம் ஏறி வந்து பத்து நாள் ஆகிறது. கௌசியைப் பார்த்ததுமே அவருக்குப் பிடித்துப் போயிற்று. நகை கேட்கவில்லை, நட்டு கேட்கவில்லை, யாழ்ப்பாணமா பண்ருட்டியா என்று பிரித்துப் பேசவுமில்லை.

ஒன்றே ஒன்றுதான் கேட்டார். “குடி வாசனை இல்லாத வீடா இருந்தாப் போதும்.” கணவரைக் குடிக்குப் பறிகொடுத்தவர், வேறென்ன கேட்பார்?

“எங்கட வீட்டிலை ஒருத்தரும் தொடுறேல்லை அக்கா,” என்றாள் தவமலர். அது சத்தியம். குகதாசன் பியர் நுரையைக்கூட நாக்கில் வைத்ததில்லை.

“சம்பந்தி என்ன தொழில் பண்றாங்க?”

“கடை வச்சிருக்கிறம். பிளேஸ்டோவிலை.”

அதுவும் பொய்யில்லை. பாலும் பாண் ரொட்டியும் முட்டையும் விற்கிற கடைதான். ஆனால் கல்லாவுக்குப் பின்னால் தரையிலிருந்து கூரை வரை நிற்பது விஸ்கியும் வொட்காவும். வைனுக்குத் தனி அலுமாரி, பியருக்கு மூன்று ஃப்ரிட்ஜ். கடையை ஓட்டுவது அவைதான். பாலும் பாணும் சும்மா துணைக்கு நிற்கின்றன. அந்தப் பாதியைத் தவமலர் சொல்லவில்லை. பத்து நாளாக அது தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது.

ஞானவேலுக்குக் கடை தெரியும். இரண்டு வருடமாக வந்து போகிறவன். “அம்மாகிட்ட நான் பக்குவமாச் சொல்லிக்கிறேன் ஆன்ட்டி,” என்று முதல் நாளே வாக்குக் கொடுத்தான். அந்தப் பக்குவம் இன்னும் அடுப்பிலேயே இருக்கிறது.

இந்தப் பயணம் கௌசியின் யோசனை. “ரெண்டு குடும்பமும் ஒரு நாள் சும்மா மரம் செடியைப் பாத்துக்கொண்டு இருந்தா மனசு ஒட்டும் அம்மா,” என்றாள். கென்டில் ஒரு குன்றுச் சரிவு, மரக்குடில்கள், சுற்றிலும் பச்சை. எல்லாம் சரி. ஆனால் இடத்தின் பெயரிலேயே ‘வைன்யார்ட்’ இருந்தது.

தவமலருக்குத் தூக்கிவாரிப் போட்டது. “நாங்கள் என்ன வைன் குடிக்கவோ போறம்? தோட்டம் பாக்கத்தானே,” என்று மகள் சமாதானம் சொன்னாள். பதிவு செய்தாயிற்று, மாற்ற முடியாது. ஆகவே தவமலர் அந்த ஆங்கிலச் சொல்லைச் சாமர்த்தியமாக ஒதுக்கிவிட்டு, தன் ஊர்த் தமிழில் அழைப்பு விடுத்தாள்.

“கென்டிலை ஒரு முந்திரிகைத் தோட்டம் இருக்காம் அக்கா. ஒரு நாள் தங்கிப்போட்டு வருவம்.”

“முந்திரித் தோட்டமா? வர்றேம்மா, கண்டிப்பா வர்றேன்,” என்ற குரல் தொலைபேசியில் தழுதழுத்தது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும். தவமலரோ, கண்டம் தப்பியது என்று கறியைக் கிளறப் போய்விட்டாள்.

இப்போது பாலம் தாண்டியாயிற்று. ஓகஸ்ட் மாதக் கடைசிச் சனிக்கிழமை. ஞானவேல் ஓட்ட, பக்கத்தில் குகதாசன். பின்னால் கௌசி நடுவில், இரு தாய்மாரும் இரு பக்கமும். அஞ்சலாட்சி அன்று சின்னப் பெண்ணைப் போல உற்சாகமாக இருந்தார்.

“இந்தக் குளிர்ல எப்படிங்க முந்திரி வருது?”

“முந்தி வராதுதான்,” என்றார் குகதாசன். கேள்வி கேட்டால் பதில் சொல்லாமல் இருக்க முடியாத மனிதர். “இப்ப வெக்கை கூடிப்போச்சு. கென்ட், சசெக்ஸ் எல்லாம் இதுதான்.”

“பூ காலமா, காய் காலமா?”

“இப்ப பழம் நிறம் மாறுற நேரம். அடுத்த மாதம் கத்திரிக்கோலாலை கொத்துக் கொத்தா வெட்டுவினம்.”

“வெட்டுவாங்களா? கீழ விழுந்ததைப் பொறுக்க மாட்டாங்களா?”

“சீச்சீ, விழுந்தது பழுதல்லோ!”

“வெள்ளைக்காரன் முறையே வேற போல,” என்று அஞ்சலாட்சி ஆச்சரியப்பட்டார். இருவரும் ஆளுக்கொரு தோட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். பார்மசி படித்த கௌசிக்கும் அது பிடிபடவில்லை. அவளுக்கு முந்திரிகையும் தெரியாது, முந்திரியும் தெரியாது. எல்லாம் கிரேப்ஸ், கஜூ. ஞானவேலுக்கு மட்டும் விளங்கியது, ஆனால் வாயைத் திறந்தால் வைன் வெளியே வந்துவிடும் என்று சாலையையே பார்த்து ஓட்டினான்.

கார் நின்றது. அஞ்சலாட்சி கைப்பையிலிருந்து மடித்து வைத்திருந்த துணிப்பை ஒன்றை எடுத்துக்கொண்டு இறங்கினார். வெயில் இதமாக இருந்தது. சரிவு முழுவதும் இடுப்புயரக் கம்பிப் பந்தலில் கொடிகள் வரிசை வரிசையாக ஓடின. தூரத்தில் ஓக் மரங்கள், அதற்கும் அப்பால் செம்மறிகள். லண்டனில் இருக்கும் இத்தனை ஆயிரம் தமிழர்களில் எத்தனை பேர் இப்படி ஒரு அமைதியைக் கண்டிருப்பார்கள்!

அஞ்சலாட்சி நாலு பக்கமும் தேடினார். “மரம் எங்க?”

“என்ன மரம் அக்கா?”

“முந்திரி மரம்.”

“இந்தா, இதுதானே,” என்று தவமலர் கொடியைக் காட்டினாள்.

“இது திராட்சைங்க.”

“ஓம். திராட்சையைத்தான் நாங்கள் முந்திரிகை எண்டுறது.”

“அப்ப முந்திரிப் பருப்பு?”

“அது கஜூ அல்லோ!” என்றார் குகதாசன். சொல்லிவிட்டு உரக்கச் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை.

அஞ்சலாட்சியின் பார்வை வாசல் பலகைக்குப் போயிற்று. அதில் எழுத்தைவிடப் பெரிதாக ஒரு போத்தல் வரைந்திருந்தது. எழுத்துத் தெரியாதவருக்கும் போத்தல் தெரியும்.

“சாராயம் காய்ச்சற எடமா வேலு?”

“சாராயம் இல்லம்மா, இது... வைன்.”

அஞ்சலாட்சி வாசலருகே இருந்த ஓக் மரத்தடி பெஞ்சில் போய் உட்கார்ந்து, துணிப்பையை மடியில் வைத்துத் திரும்பவும் நாலாக மடித்தார்.

தவமலர் பக்கத்தில் போய் நின்றாள். அஞ்சலாட்சிதான் பேசினார்.

“எனக்கு ஆறு ஏக்கர் முந்திரிக்காடு இருந்துச்சு. எங்கப்பா கொடுத்தது. மாசியில பூ வாசனை வீடு வரைக்கும் வரும். அவரு குடிச்சுக் குடிச்சே அதை வித்தாரு. கடைசி ஏக்கர் போனப்ப வேலுவுக்கு ஒம்பது வயசு. நீங்க முந்திரித் தோட்டம்னு சொன்னதும், புள்ளை அதையெல்லாம் உங்ககிட்ட சொல்லி, நீங்க எனக்காகவே தேடிப் புடிச்சீங்கன்னு நெனச்சேன்.” பொறுக்கிப் போடக் கொண்டுவந்த துணிப்பையைத் தடவினார். “ராத்திரி பூரா தூங்கலைங்க, சந்தோசத்துல.”

ஒரு சொல்லை ஒளிக்கப் போய், இந்த மனுஷியின் வாழ்க்கையிலேயே நல்லதாக இருந்த ஒன்றை இழுத்துக் காட்டிப் பிடுங்கிவிட்டோமே என்று தவமலர் தன்னையே நொந்துகொண்டாள்.

குடிலுக்குள் மேசையில் வரவேற்பு என்று இரண்டு போத்தல்கள் ரிப்பன் கட்டி நின்றன. கௌசி பதறிப்போய், “அப்பா, இதை ஒஃபிசிலை குடுத்திட்டு வாங்கோ, கெதியா!” என்று அவர் கையில் திணித்தாள்.

ஒஃபிஸ் இருந்தது வைன் விற்கிற கூடத்தில். குகதாசனை அதற்குள் அனுப்புவதும், எலியிடம் கருவாட்டைக் கொடுத்து அனுப்புவதும் ஒன்றுதான். கூடத்துக்குப் பெரிய கண்ணாடிச் சுவர். பெஞ்சிலிருந்து பார்த்தால் உள்ளே நடப்பது பளிச்சென்று தெரியும். அவர் போத்தல்களைத் திருப்பிக் கொடுத்தார். அத்தோடு வந்திருக்கலாம். அலுமாரித் தட்டில் நாலு போத்தல் கோணலாக நிற்பதைக் கண்டார். பத்தொன்பது வருடப் பழக்கம், கை சும்மா இருக்குமா? ஒவ்வொன்றாக லேபிள் முன்னே வரும்படி திருப்பி, பின்னால் இருந்ததை முன்னால் இழுத்து, விளிம்போடு சேர்த்து வரிசையாக்கினார். பிறகு தலையைச் சாய்த்து அழகு பார்த்தார். வெள்ளைக்காரப் பெண் அவரோடு ஆர்வமாகப் பேசத் தொடங்கிவிட்டாள்.

“சம்பந்திக்குப் பாட்டில் நல்லாப் பழக்கம் போல,” என்றார் அஞ்சலாட்சி.

தவமலர் வாயைத் திறக்குமுன், பின்னால் நின்ற ஞானவேல் முந்திக்கொண்டான்.

“கடை வச்சிருக்கறவருல்லம்மா? எண்ணெய் பாட்டில், ஜூஸ் பாட்டில் அடுக்கி அடுக்கிப் பழக்கம்.”

அஞ்சலாட்சி மகனை ஏறிட்டுப் பார்த்தார். “ம்,” என்றார். அந்த ‘ம்’முக்கு என்ன பொருள் என்று தவமலர் அன்று மாலை முழுவதும் யோசித்தாள்.

மாலை மிக அழகாக இருந்ததுதான் கொடுமை. எட்டு மணி வரை வெயில் மஞ்சளாகக் கொடிகள்மேல் படுத்துக் கிடந்தது. கௌசி கட்டிக்கொண்டு வந்த இடியப்பமும் சொதியும் எல்லோரும் புல்லில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். “சொதி நல்லா இருக்கு கண்ணு,” என்று அஞ்சலாட்சி மருமகளாகப் போகிறவளின் கன்னத்தைத் தொட்டார். கௌசியின் முகம் மலர்ந்ததைப் பார்க்கத் தவமலருக்குப் பயமாக இருந்தது.

குகதாசன் சப்பாத்தைக் கழற்றி வெறுங்காலோடு புல்லில் நடந்தார். சரிவில் தொலைபேசிக்குச் சிக்னல் இல்லை. கடையைப் பார்த்துக்கொள்ளும் சுஜீத் கூப்பிட்டாலும் கேட்காது. கடை திறந்த நாளிலிருந்து மனிதர் ஒரு இரவும் வெளியே தங்கியதில்லை. கிறிஸ்து பிறந்த நத்தாருக்கும் பாதி நாள் திறப்பவர். இன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சுருக்கமெல்லாம் இஸ்திரி போட்டதுபோல் போயிருந்தது.

தவமலர் அவரைத் தனியே கூப்பிட்டாள். “இஞ்சருங்கோ, சொல்லிப்போடுவம். என்னாலை ஏலாது.”

“ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணத்தைச் செய் எண்டிருக்கு. நாங்கள் ஒண்டுகூடச் சொல்லேல்லையே தவம்? கடை எண்டுதானே சொன்னனாங்கள்.”

“முழுப் பூசணிக்காயைச் சோத்துக்கை மறைச்சுப்போட்டு, சோறுதானே எண்டுறியள்.”

“அந்தப் பூசணிக்காய்தான் உன்ர பிள்ளையைப் படிப்பிச்சது.” அவர் கோபமாகச் சொல்லவில்லை. களைப்பாகச் சொன்னார். “களவு எடுத்தனானோ? லைசன்ஸ் எடுத்துச் செய்யிற வியாபாரம். கலியாணம் முடிஞ்சு ஒரு பேரப்பிள்ளை வரட்டும், எல்லாம் சரிவரும்.”

அவரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. அகதியாக வந்து, பெற்றோல் நிலையத்தில் ஷிப்ட் ஷிப்டாக நின்று, அந்தக் கடையை எடுத்தவர். தவமலர் போய்ப் படுத்துக்கொண்டாள். அவர் குறட்டை விட்டார். அவள் விடியலுக்குக் காத்திருந்தாள்.

ஞாயிறு காலை ஆறு மணி. புல்லெல்லாம் பனி நனைத்திருந்தது. தவமலர் சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தபோது, அஞ்சலாட்சி ஏற்கெனவே கொடி வரிசைக்குள் நடந்துகொண்டிருந்தார். ஒரு இலையைப் புரட்டிப் பார்த்து, அடியிலிருந்த பூச்சியை விரலால் சுண்டிவிட்டார். வேர்மண்ணைக் கிள்ளி உள்ளங்கையில் தேய்த்தார்.

“நல்ல மண்ணுதான்,” என்றார் தவமலரைக் கண்டதும். “செடி என்ன பாவம் பண்ணுச்சு? நேத்து நான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டது தப்பு. பேரு புரியாமப் போனதுக்கு நீங்க என்ன செய்வீங்க?”

இது போதும். இப்படியே விட்டுவிட்டால் கல்யாணம் நடந்துவிடும். தவமலருக்கு அது நன்றாகத் தெரிந்தது. மகளின் மலர்ந்த முகம் கண்முன்னே வந்தது. ஆனால் செய்யாததற்கு இந்த மனுஷி மன்னிப்புக் கேட்க, செய்தவள் வாங்கிக்கொண்டு நிற்பதா?

“அது பேர் விளங்காமல் நடந்த பிழை இல்லை அக்கா,” என்றாள். “வைன் எண்ட சொல் உங்கட காதிலை விழக்கூடாதெண்டுதான் நான் முந்திரிகை எண்டு சொன்னனான். உங்களுக்கு அது கஜூ எண்டு விளங்கும் எண்டு சத்தியமாத் தெரியாது. ஆனால் ஒளிச்சது ஒளிச்சதுதான்.”

அஞ்சலாட்சி கையிலிருந்த மண்ணை உதறினார். “இதுக்குப் போயி எதுக்கு இத்தனை பயம்?”

“இன்னும் இருக்கு.” தவமலர் மூச்சை இழுத்துக்கொண்டாள். “எங்கட கடையிலை போத்தல் விக்கிறம். எண்ணெய்ப் போத்தல் இல்லை. விஸ்கி, பியர், எல்லாம். அதுதான் எங்கட சீவியம். வீடு, பிள்ளையின்ர படிப்பு, நீங்கள் நேற்றுச் சாப்பிட்ட சாப்பாடு, எல்லாம் அதிலை வந்தது.”

சரிவின் கீழே எங்கோ ஒரு செம்மறி கத்தியது. தவமலர் நிறுத்தவில்லை. நிறுத்தினால் திரும்பத் தொடங்க முடியாது என்று அவளுக்குத் தோன்றியது.

“காலமை நான்தான் கல்லாவிலை நிக்கிறது. ஒரு மனிசன் எட்டு மணிக்கே வருவார். சின்ன வொட்காப் போத்தல் ஒண்டு. நல்ல மனிசன். ‘குட் மோர்ணிங் மலர்’ எண்டுவார். நானும் சிரிச்சுக் கதைப்பன். ஐஞ்சு வருசம். கையிலை நடுக்கம் வந்தது, கண் மஞ்சளாச்சு. நான் கண்டனான் அக்கா. கண்டும் குடுத்தனான். பிறகு ரெண்டு கிழமை ஆள் வரேல்லை. ஒரு நாள் அவற்ர மனுசி வந்தா. செத்துப்போனாராம். என்னைத் திட்டப்போறா எண்டு நிண்டனான். என்ர கையைப் பிடிச்சுக்கொண்டு, ‘அவரோட நீங்கள் எப்பவும் அன்பாக் கதைப்பியளாம், தாங்ஸ்’ எண்டிட்டுப் போறா.”

அழக்கூடாது என்றுதான் நினைத்தாள். முடியவில்லை. “இதை நான் இவருக்கும் சொன்னதில்லை.”

அஞ்சலாட்சி திட்டுவார், விலகிப் போவார், அன்றைக்கே விமானச் சீட்டு மாற்றச் சொல்வார் என்று எதிர்பார்த்து நின்றாள் தவமலர்.

“எங்க ஊர்லயும் சாராயக் கடைக்காரன் பொண்டாட்டி ஒருத்தி இருந்தா,” என்றார் கடைசியில். “பக்கத்துத் தெரு. எதுக்க வந்தா முந்தானையை இழுத்துக்கிட்டு அந்தப் பக்கம் திரும்பிடுவா. ஒரு நாள், ஒரே ஒரு நாள் அவ என் மூஞ்சியைப் பார்த்து ஒரு வார்த்தை பேசியிருந்தா எனக்குப் போதும்னு நெனச்சிருக்கேன். அவ பேசவே இல்லை. செத்தும் போயிட்டா.”

சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். “அதுக்காக நான் சரின்னு சொல்லிட்டதா நெனைக்காதீங்க. என் வயிறு எரியுது. உங்க பொண்ணு கையால சாப்பிட்ட சோறு இப்ப உள்ள கெடந்து புரளுது.”

“விளங்குது அக்கா.”

“ஒண்ணு கேக்கறேன். வேலுவுக்கு இது தெரியுமா?”

குடில் கதவு திறந்தது. ஞானவேல் இரண்டு கைகளிலும் தேநீர்க் கோப்பைகளோடு, சிந்தாமல் பார்த்துப் பார்த்து, சரிவில் ஏறி வந்துகொண்டிருந்தான். காலை வெயிலில் அவன் முகம் தூங்கி எழுந்த குழந்தை முகமாக இருந்தது. குடியால் எல்லாம் இழந்த அஞ்சலாட்சிக்கு மிஞ்சியது இந்த ஒரு பிள்ளைதான். ‘தெரியாது’ என்று ஒரு சொல் சொன்னால் அவன் தப்புவான். ஒருவேளை கௌசியும் தப்புவாள். தவமலரின் உதடுவரை வந்தது அது.

“தெரியும் அக்கா,” என்றாள்.

அஞ்சலாட்சி கண்ணை ஒருமுறை இறுக மூடித் திறந்தார். அதற்குள் அவன் வந்துவிட்டான்.

“என்னம்மா, ரெண்டு பேரும் விடியறதுக்குள்ளயே ராசியாயிட்டீங்களா?” என்று சிரித்துக்கொண்டே கோப்பையை நீட்டினான்.

அவர் அதை வாங்கிக்கொண்டார். ஒரு மிடறு குடித்தார். குரல் சாதாரணமாகவே இருந்தது.

“வேலு, திரும்பறப்ப நேரா பிளேஸ்டோவுக்கு வண்டியை விடு. சம்பந்தி கடையைப் பார்க்கணும்.”

ஞானவேலின் சிரிப்பு பாதியில் நின்றது. தவமலரைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான்.

“இன்னிக்கு ஞாயித்துக்கிழமைம்மா,” என்றான். “கடை மூடியிருக்கும்.”

அஞ்சலாட்சி மகனைப் பார்க்கவில்லை. தவமலரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“இல்லைத் தம்பி,” என்றாள் தவமலர். “ஞாயிறும் திறந்துதான் இருக்கும்.”